பல் முகாமில் பல் பிடுங்கிப் பழகுகிறார்களா?

"கடலூர்ப் பக்கம் பல் முகாமுக்குப் போகாதீங்க, முதல் வருஷப் பசங்க ஏழைங்க வாயில பல் பிடுங்கிப் பழகுறாங்க" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தவறான தகவல்.

பல் மருத்துவப் பட்டப்படிப்பான பி.டி.எஸ்.-இல் முதல் 2 ஆண்டுகளில் மெழுகில் பல் செதுக்குவதும் பொம்மைத் தலையில் பழகுவதும்தான். நோயாளியிடம் வருவது 3-ஆம் ஆண்டில், அதுவும் ஆசிரியர் மேற்பார்வையில். 4 ஆண்டு படிப்பை முடித்து ஓராண்டுப் பயிற்சிக்கு வரும் மருத்துவர்களுக்கு, அந்த ஓராண்டில் 3 மாதம் முகாம் மாதிரி மக்களிடமே போய்ச் செய்யும் சமூகப் பல் மருத்துவத்துக்கே ஒதுக்கியிருக்கிறது.

முகாமில் பெரும்பாலும் பரிசோதனைதான் நடக்கும். டார்ச் அடித்து, சின்னக் கண்ணாடியால் கன்னத்தை ஒதுக்கி உள்பக்கம் பார்ப்பார்கள். புகையிலை அடக்குகிறவர்களுக்கு அங்கே வெள்ளைத் திட்டு இருந்தால், பின்னால் அது புற்றுநோயாக மாறலாம். வலி இருக்காது, அதனால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. தேவனாம்பட்டினம் மாதிரி மீனவர் ஊர்களில் இந்தப் பரிசோதனை எவ்வளவு முக்கியம்!

பயம் இருந்தால் மேற்பார்வை டாக்டர் யார் என்று கேளுங்கள். சர்க்கரை, பிரஷர், சாப்பிடும் மாத்திரை பற்றி விசாரிக்காமல் பல் எடுக்க வந்தால் தாராளமாக மறுத்துவிடலாம். ஆனால் போகவே வேண்டாம் என்று சொல்லி யாரையும் தடுக்காதீர்கள்.