தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்தவர்கள்

1997 மார்ச் 26 அன்று கலிபோர்னியாவில், சான் டியேகோவுக்கு அருகிலுள்ள ராஞ்சோ சாண்டா ஃபே என்ற செல்வந்தர் குடியிருப்பில், வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரு மாளிகைக்குள் 39 பேர் இறந்து கிடந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி கறுப்புடையும் புத்தம் புதிய நைக்கி காலணியும் அணிந்திருந்தார்கள். முகத்தையும் மார்பையும் ஊதாத் துணி மூடியிருந்தது. சட்டைப்பையில் ஓர் ஐந்து டாலர் தாளும் சில்லறையும் இருந்தன. ஹேல்-பாப் வால்மீனின் பின்னே வரும் விண்கலம் தங்களை ஏற்றிச் செல்லும் என்று நம்பித் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட 'ஹெவன்ஸ் கேட்' என்ற மதக் குழுவினர் அவர்கள்.

இவர்களை முட்டாள்கள் என்று சொல்லிக் கடந்துபோவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. வால்மீனுக்குப் பின்னால் ஏதோ தெரிகிறது என்று 1996 நவம்பரில் ஒருவர் கிளப்பிவிட, அது வெறும் நட்சத்திரம் என்று வானியலாளர்கள் விளக்கியும் வதந்தி ஓயவில்லை. குழுவினர் தொலைநோக்கி ஒன்றை வாங்கிப் பார்த்தார்கள்; வால்மீன் தெரிந்தது, பின்னால் வருவதாகச் சொல்லப்பட்ட கலம் தெரியவில்லை; கருவியைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கலம் இருக்கிறதா இல்லையா என்பதே தங்களுக்குப் பொருட்டல்ல என்று தங்கள் இணையதளத்திலும் எழுதி வைத்தார்கள். சோதித்துப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சோதனையின் முடிவு ஏன் உறைக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

அதற்கான விடை 1985-இல் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தக் குழுவைத் தொடங்கியவர்களான, இசைப் பேராசிரியராக இருந்த மார்ஷல் ஆப்பிள்வைட்டும் செவிலியரான பானி நெட்டில்ஸும் 1972-இல் சந்தித்து, பைபிளின் திருவெளிப்பாடு நூல் சொல்லும் இரு சாட்சிகள் தாங்களே என்று அறிவித்துக்கொண்டவர்கள். 1975-இல் ஓரிகான் மாநிலத்தின் வால்ட்போர்ட்டில் அவர்கள் நடத்திய கூட்டத்திற்குப் பிறகு ஏறத்தாழ இருபது பேர் வீடு, பிள்ளை, சொத்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்னாலேயே போய்விட்டார்கள். இந்த உடலோடு, உயிரோடு, பறக்கும் தட்டில் ஏறிப் போவோம் என்பதே அப்போதைய வாக்குறுதி. ஆனால் 1985-இல் நெட்டில்ஸ் புற்றுநோயால் இறந்துபோனார். கலம் வரவில்லை, உடல் இங்கேயே கிடந்தது. குழு அங்கேயே கலைந்திருக்க வேண்டும். ஆப்பிள்வைட்டோ, உடல் வெறும் வாகனம், அதை விட்டுவிட்டும் போகலாம் என்று போதனையைத் திருத்தினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு நடந்த சாவுக்கு அனுமதிச் சீட்டு அந்தத் திருத்தத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. குடும்பத்தையும் பெயரையும் துறந்து, ஆப்பிள்வைட் உட்பட ஆண்கள் எட்டுப் பேர் விதைநீக்கமே செய்துகொண்ட ஓர் இடத்தில், 'நாம் ஏமாந்துவிட்டோம்' என்று வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்?

இணையதள வடிவமைப்பை அவர்கள் தொழிலாகச் செய்துவந்ததால், இணையமே இவர்களைக் கெடுத்தது என்று அப்போது பத்திரிகைகள் ஓலமிட்டன. அது வீண்பழி. இறந்தவர்களில் பலர், இணையம் என்ற சொல்லே மக்களுக்கு எட்டாத எழுபதுகளில் சேர்ந்தவர்கள். அதைவிட முக்கியமாக, குழுவிலிருந்து வெளியேறி வெளியுலகில் வாழ்ந்துகொண்டிருந்த முன்னாள் உறுப்பினர் ஒருவர் அதே ஆண்டு மே மாதமும், இன்னொருவர் 1998-லும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அதற்குள் அந்த வால்மீன் வெகுதூரம் போய்விட்டிருந்தது; அவர்களுக்கு ஆணையிட ஆப்பிள்வைட்டும் உயிரோடு இல்லை.