மண்டிச் சீட்டு இருக்கு, ஆபரேசன் ஃபைல் இல்லை

எங்கள் பெரியம்மாவுக்குக் கோபிப் பக்கம் மஞ்சள் காடு. வயது 52. போன வருடம் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேசன் என்று போனபோது, வழக்கமாக எடுக்கிற மார்பு எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் உருண்டை உருண்டையாகப் புள்ளிகள். இருமல் இல்லை, இளைப்பு இல்லை. சளியில் காசநோய்க் கிருமியும் இல்லை. சிடி ஸ்கேன் பார்த்தவர், "வேற எங்கிருந்தோ பரவுன மாதிரி இருக்குதுங்க" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

"முன்னாடி ஏதாச்சும் ஆபரேசன் பண்ணியிருக்கா?" என்று மூன்று இடத்தில் கேட்டார்கள். மூன்று இடத்திலும் பெரியம்மா "இல்லீங்க" என்றார். முதுகு வழியாக ஊசி விட்டு எடுத்த சதையைப் பார்த்த பேத்தாலஜி டாக்டர்தான், "கர்ப்பப்பையில கட்டி இருந்துச்சா?" என்று விடாமல் கேட்டார். இருந்தது. 11 வருடத்துக்கு முன்னால் நார்க்கட்டி என்று கர்ப்பப்பையை எடுத்திருக்கிறார்கள்.

"ஏம் பெரீம்மா சொல்லல?"

"மாப்பிள்ளை பக்கத்துலயே நின்னாருல்ல கண்ணு. அதப் போயி எப்படிச் சொல்றது?"

இதற்கு பினைன் மெட்டாஸ்டசைசிங் லியோமயோமா என்று பெயர். புற்று அல்லாத அதே நார்க்கட்டிதான், நுரையீரலில் போய் வளர்கிறது. 1939லேயே ஸ்டெய்னர் என்ற மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மிக மிக அரிது. நார்க்கட்டி என்பதோ ஊரெல்லாம் இருப்பது, அது இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வெசனப்பட வேண்டாம்.

ஆனால் லியோமயோசார்கோமா என்ற புற்றும் நார்க்கட்டி வளர்கிற அதே கர்ப்பப்பைத் தசையில்தான் வருகிறது, அதுவும் நுரையீரலுக்குப் போகும். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, உருக்குலைந்திருக்கின்றனவா என்று பார்த்துத்தான் இரண்டையும் பிரித்தறிகிறார்கள். அன்றைக்கு எடுத்த கட்டி உண்மையிலேயே சாதாரணக் கட்டிதானா என்று திரும்பப் பார்க்க, பழைய சதை வேண்டும்.

ட்ரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம். பத்திரம், பட்டா, பாஸ்புக் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக. ஈரோட்டு மண்டியில் மஞ்சள் போட்ட சீட்டு 2009லிருந்து ஒன்று விடாமல் கம்பியில் குத்தி வைத்திருக்கிறது. எந்த வருடம் குவிண்டால் என்ன விலைக்குப் போனது என்று பெரியப்பா அதைப் புரட்டிச் சொல்லிவிடுவார். அவர் சம்சாரத்தின் வயிற்றைக் கிழித்து எடுத்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. என் கோபமெல்லாம் எங்கள் வீட்டு ஆட்கள் மேல்தான், என்னையும் சேர்த்து. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டு போனவள் நான். எனக்கே ஞாபகம் வரவில்லையே!

ஆபரேசன் செய்த ஆஸ்பத்திரிக்கு நாலு தடவை அலைந்தோம். கடைசியில் மெழுகுக் கட்டியில் பதித்து வைத்திருந்த சதை கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒரே செல்கள், புற்று இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்கிற ஏற்பியும் அந்தச் செல்களில் இருந்தது. பெரியம்மாவுக்கு அன்று சினைப்பையை எடுக்கவில்லை, அது சுரக்கிற அந்த ஹார்மோனில்தான் இது வளர்கிறது. சிலருக்குச் சினைப்பையை எடுப்பார்கள், சிலருக்கு ஹார்மோனை அடக்கும் ஊசி. மாதவிடாய் நிற்கும் வயதில் அந்த ஹார்மோன் தானாகவே குறையும், அந்த வயது நெருங்குவதால் பெரியம்மாவுக்கு இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் மட்டும்.

உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ கர்ப்பப்பை எடுத்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் இந்த வாரமே தேடுங்கள். இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் நகல் கேளுங்கள். டாக்டர் கேள்வி கேட்கும்போது கூட நிற்கிற ஆம்பளைகள் கொஞ்சம் வெளியே போய் நில்லுங்கள்.

பெரியம்மாவின் ஃபைல் இப்போது மண்டிச் சீட்டுக் கம்பிக்குப் பக்கத்து ஆணியில், மஞ்சப்பைக்குள் தொங்குகிறது. பித்தப்பைக் கல் அப்படியேதான் இருக்கிறது. மஞ்சள் வெட்டி முடித்ததும் ஆபரேசன் என்று தேதி வாங்கியிருக்கிறோம்.