கஞ்சிப்பாசிப் பொடியும் காச்சர் நோயும்

மேலே இருக்கிற பதிவுல ஒருத்தர், "கஞ்சிப்பாசிப் பொடி லைசோசோமைச் சுத்தம் பண்ணிடும், காச்சர் நோய்ப் பிள்ளைக்கு மருந்து ஏத்தவே வேண்டாம்"னு போட்டிருக்கார். கஞ்சிப்பாசிங்கிறது கடல்ல வளர்ற ஒரு வகைப் பாசி; லைசோசோம்ங்கிறது செல்லுக்குள்ள கழிவை உடைக்கிற சின்னப் பை; காச்சர் (Gaucher) பரம்பரையா வர்ற ஒரு அரிய நோய். அவர் சொல்றதை நம்பி யாரும் சிகிச்சையை நிறுத்திடாதீங்க.

காச்சர் நோய்ல பிரச்சினை அழுக்கு இல்லை, நொதி (என்சைம்). குளுக்கோசெரிப்ரோசிடேஸ்ங்கிற நொதி சரியா வேலை செய்யாததால ஒரு வகைக் கொழுப்பு உடையாம, மேக்ரோஃபேஜ்ங்கிற, கழிவை விழுங்குற செல்களோட லைசோசோம்ல தேங்குது. நுண்ணோக்கியில அந்த செல் கசங்கின காகிதம் மாதிரி தெரியும். மண்ணீரலும் கல்லீரலும் வீங்கும், ரத்தசோகை வரும், எலும்பு வலிக்கும். அந்த நொதியைத்தான் ரெண்டு வாரத்துக்கு ஒருக்க நரம்பு வழியா ஏத்துறாங்க. வாய்வழியா கொடுத்தா வயித்துலயே செரிச்சுப் போயிடும்.

கஞ்சிப்பாசியில இருக்கிறது அகர்ங்கிற ஜெல்லி மாதிரிப் பொருள். கீழக்கரைப் பக்கம் நோன்பு திறக்க வைக்கிற கடல்பாசிங்கிற இனிப்பும் அதுதான் (எனக்கு ரொம்பப் பிடிக்கும், அது வேற விஷயம்). அகரைச் செரிக்க நம்ம உடம்புல நொதியே கிடையாது. அப்புறம் எப்படி அது மண்ணீரல் செல்லுக்குள்ள போய்ச் சுத்தம் பண்ணும்? பாம்பன், மண்டபத்துல பாசி எடுக்கிற அக்காமார் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. டப்பாவுல அடைச்சு விக்கிறவங்கதான் சொல்றாங்க.

இந்த நோய் "தாய்வழிதான் வரும்"னு கீழே ஒரு பதில். தாய்வழி மட்டும் வர்றது, செல்லுக்குச் சக்தி தர்ற மைட்டோகாண்ட்ரியாவோட டிஎன்ஏ விஷயம். காச்சருக்கு அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான மரபணு வரணும்.

செலவுக்குப் பயந்து பொடி தேடுறவங்க, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையில 50 லட்சம் ரூபாய் வரை உதவி இருக்கு, டாக்டர்கிட்ட அதைக் கேளுங்க.