நாடோடிப் பெண் ஆன்னெயும் நார்வேயின் ஊமைப்படக்காரர்களும்

போன ஞாயிற்றுக்கிழமை 'ஃபாண்டெ-ஆன்னெ' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். 1920இல் வெளிவந்த நார்வே ஊமைப்படம். அம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காட்சிகளுக்கு நடுவே வசனம் எழுதிய அட்டை வரும்போதெல்லாம் நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதிப் படத்துக்கு மேல் அது தேவைப்படவில்லை, அம்மாவே கதையைப் பிடித்துக்கொண்டார்.

ஸ்காண்டிநேவிய ஊமைப்படங்களைப் பற்றி எதை எடுத்து வாசித்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஸ்வீடனுக்கு இயக்குநர்கள் ஷோஸ்ட்ரோமும் ஸ்டில்லரும், டென்மார்க்குக்கு நோர்டிஸ்க் படநிறுவனமும் இயக்குநர் ட்ரையரும். நார்வேக்கு அரைப் பத்தி. அதிலும் "வளரவில்லை", "பின்தங்கியது" என்ற சொற்கள்தான். இது சரியில்லை என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் படம். ஒரு பெரிய பண்ணையில் நாடோடிப் பெண் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள், பக்கத்தில் கைக்குழந்தை. பண்ணை வீட்டார் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். அவள்தான் ஆன்னெ. பண்ணையின் வாரிசு ஹால்டோரோடு சேர்ந்து ஓடி விளையாடி வளர்கிறாள். வயது வந்ததும் விளையாட்டு காதலாகிறது, பண்ணைக்காரம்மா குறுக்கே நிற்கிறார். ஹால்டோர் வசதியான வீட்டுப் பெண்ணைக் கட்டச் சம்மதித்துவிடுகிறான். அவன் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டுக்கு ஆன்னெ தீ வைக்கிறாள். அவளையே நினைத்துக்கொண்டிருக்கும் ஏழை ஜோன், பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். வெளியே வந்த பிறகு இருவரும் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறார்கள்.

வீடு எரியும் இடத்தில் அம்மா சொன்னார்: "சோறு போட்ட வீட்டுக்கே தீ வச்சுட்டாளேன்னு ஊரு சொல்லும். ஆனா அவளை யாரு அந்த வீட்டுப் பொண்ணா நெனச்சாங்க?" எனக்கு இதற்கு மேல் விமர்சனம் தேவைப்படவில்லை.

'ஃபாண்டெ' என்பது மரியாதையான சொல் அல்ல. ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த ரொமானி மக்களை நார்வேயில் அப்படித்தான் இழிவாகக் கூப்பிட்டார்கள். அவர்களை ஓரிடத்தில் தங்கவைத்து, பிள்ளைகளைப் பிரித்தெடுத்து, மொழியை மறக்கவைக்கும் வேலை அரசின் ஆதரவோடு இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நடந்தது. 1998இல்தான் அரசு மன்னிப்புக் கேட்டது. அப்படிப்பட்ட ஒரு நாட்டில், அப்படிப்பட்ட ஒரு காலத்தில், தீ வைத்த நாடோடிப் பெண்ணின் பக்கம் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். குற்றம் செய்தவளைத் தண்டிக்காமல் கப்பலேற்றி அனுப்பிவைக்கிறது படம். குறை இல்லை என்று சொல்ல மாட்டேன்: அவள் ரத்தத்திலேயே அடங்காமை இருக்கிறது என்ற பழைய எண்ணம் கதையில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஆன்னெயாக நடித்த ஆஸ்டா நீல்சன் அந்த எண்ணத்தைத் தாண்டிப் போய்விடுகிறார். (டென்மார்க்கின் புகழ்பெற்ற ஆஸ்டா நீல்சன் வேறு, இவர் நார்வே நாடக நடிகை. பெயர்க் குழப்பத்தில் இவரைப் பலர் மறந்தே போனார்கள்.)

படத்தை இயக்கியவர் ராஸ்முஸ் ப்ரைஸ்டைன். பேர்கன் நகரத்துக்கு அருகில், 1890இல் பிறந்தவர். நாடக நடிகர், நாட்டுப்புற ஃபிடில் வாசிப்பவர். சினிமாவைக் கற்றுக்கொடுக்க அந்த ஊரில் யாரும் இல்லை. ஒளிப்பதிவாளர் குன்னார் நில்சன்-விக்கோடு சேர்ந்து, செய்துபார்த்துக் கற்றுக்கொண்டார். ஒழுங்கான ஸ்டுடியோ கிடையாது. வெளிச்சம் நீளமாக இருக்கும் கோடைக்காலம்தான் அவர்களுக்குப் படப்பிடிப்புக் காலம். நார்வே ஊமைப்படங்களில் எப்போது பார்த்தாலும் கோடை வெயில் அடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதையே பிற்பாடு "சுற்றுலா அட்டை மாதிரி இருக்கிறது" என்று குறையாகச் சொன்னார்கள்.

1926இல் ப்ரைஸ்டைன் எடுத்த 'ப்ரூடெஃபார்டன் இ ஹார்டாங்கர்' படத்துக்கும் இதே பேச்சு வந்தது. அதன் பெயர் 1848இல் டிடெமான், கூடெ என்ற இரண்டு ஓவியர்கள் சேர்ந்து வரைந்த ஓவியத்தின் பெயர். மணப்பெண்ணைப் படகில் ஏற்றி, மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்நீரான ஃபியோர்டில் கூட்டிப்போகும் காட்சி. நார்வேயில் எல்லோருக்கும் தெரிந்த ஓவியம் அது. படத்தில் அந்தப் படகு வரும்போது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கதை அழகைப் பற்றியதல்ல. பெற்றோர் அமெரிக்காவுக்குப் போக, காதலனை நம்பி மாரித் என்ற பெண் ஊரிலேயே தங்கிவிடுகிறாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். ஆண்டுகள் கழித்து அவன் பிள்ளையும் இவள் பிள்ளையும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், இவளால் தாங்க முடியவில்லை.

இரண்டு படத்திலும் அமெரிக்கா வருவது தற்செயல் அல்ல. 1825இலிருந்து நூறாண்டுகளில் ஏறக்குறைய 8,00,000 பேர் நார்வேயை விட்டுக் கப்பல் ஏறினார்கள். அவ்வளவு சிறிய நாட்டில் ஆள் போகாத குடும்பம் எங்கே இருந்திருக்கும்? இரண்டு படத்தின் மூலக்கதையையும் எழுதிய கிறிஸ்டோஃபர் யான்சனே மினியாபோலிஸுக்குப் போய்ப் பாதிரியாராக வேலை பார்த்தவர். ஆகவே பச்சைப் புல்வெளியையும் மலையையும் திரையில் பார்த்த அந்தக் கால ரசிகனுக்கு அது சுற்றுலா அட்டை இல்லை. அண்ணனோ மகளோ விட்டுப்போன இடம். இதை யோசிக்காமல் இந்தப் படங்களை வெறும் கிராமத்துக் கதைகள் என்று ஒதுக்கியவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

சரி, ஏன் நார்வே பின்தங்கியது?

1896 ஏப்ரல் 6ஆம் தேதியே தலைநகர் கிறிஸ்தியானியாவில் (இன்றைய ஓஸ்லோ) படம் காட்டிவிட்டார்கள். பெர்லினிலிருந்து ஸ்க்ளாடனோவ்ஸ்கி சகோதரர்கள் வந்து காட்டினார்கள். நாட்டின் முதல் கதைப்படம் என்று சொல்லப்படும் 'ஃபிஸ்கர்லிவெட்ஸ் ஃபாரர்' அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்துவிட்டது. மீனவன் ஒருவன் மனைவியோடும் மகனோடும் கடலுக்குப் போகிறான், மகன் தண்ணீரில் விழுகிறான், பிணமாகத்தான் தூக்குகிறார்கள். அவ்வளவுதான் படம். பிரதி இன்று இல்லை. அதை எடுத்தவர் ஹூகோ ஹெர்மான்சன், பல திரையரங்குகளை நடத்தியவர். 1911, 1912இல் படங்கள் எடுத்த ஹால்ஃப்டான் நொபெல் ரூடெ இசையமைப்பாளர், அவரும் திரையரங்குத் தொழிலில் இருந்தவர். இதைக் கவனியுங்கள். டிக்கெட் விற்ற காசு கையில் இருந்தவர்கள்தான் படம் எடுத்துப் பார்த்தார்கள்.

1913இல் திரையரங்குச் சட்டம் வந்தது. பொதுமக்களுக்குப் படம் காட்ட நகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும், எல்லாப் படங்களையும் அரசுத் தணிக்கை பார்க்க வேண்டும். உரிமத்தை நகராட்சிகள் மெல்ல மெல்லத் தங்களுக்கே கொடுத்துக்கொண்டன. தனியார் கொட்டகைகள் நகராட்சிக் கொட்டகைகளாயின. 1917இல் நகராட்சித் திரையரங்குகளுக்கு ஒரு சங்கம், 1919இல் அவற்றுக்கே சொந்தமான விநியோக நிறுவனம். உலகத்தில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடக்காத ஏற்பாடு இது.

நான் இந்தச் சட்டத்தின் எதிரி அல்ல. ஊர் மக்கள் கொடுத்த காசு ஊருக்கே திரும்பட்டும் என்ற எண்ணம் நல்ல எண்ணம். ஓஸ்லோவில் ஓவியர் எட்வர்ட் மூங்க் பெயரில் 1963இல் திறந்த அருங்காட்சியகம் நகராட்சித் திரையரங்குகளின் லாபத்தில் கட்டப்பட்டது. ஓவியருக்கு அருங்காட்சியகம் கிடைத்தது, எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தக் காசில் போதுமான பங்கு படம் எடுத்தவர்களுக்கு ஏன் போகவில்லை? கொட்டகைக்காரர்கள் கையை விட்டு லாபம் போனதும் படம் எடுக்க முதல் போட ஆள் இல்லாமல் போயிற்று. நகராட்சிகள் சேர்ந்து சொந்தமாக நோர்ஸ்க் ஃபில்ம் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கியது 1932இல். அதற்குள் ஊமைப்படக் காலமே முடிந்துவிட்டது. நார்வேயின் முதல் முழுநீளப் பேசும்படம் 1931இலேயே வந்துவிட்டது. அதை இயக்கிய தங்க்ரெட் இப்சன், நார்வேயின் பெரிய எழுத்தாளர்களான ஹென்ரிக் இப்சனுக்கும் ப்யோர்ன்சனுக்கும் பேரன். இருபது ஆண்டுகள் லாபத்தை எடுத்தவர்கள், அந்த இருபது ஆண்டும் உழைத்தவர்களைக் கொஞ்சம் முன்பே நினைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம்.

இதற்கிடையே நார்வேயின் கதைகளை ஸ்வீடன் எடுத்துக்கொண்டது. இப்சனின் கவிதையை வைத்து ஷோஸ்ட்ரோம் 'டெர்யே வீகன்' எடுத்தார், 1917இல். 1919இல் ப்யோர்ன்சனின் கதைகளையும் ஸ்வீடன்காரர்களே படமாக்கினார்கள். 'டெர்யே வீகன்' படத்தில் அந்தக் கடலைப் படம்பிடித்தவர் யூலியஸ் யான்சொன். நார்வேயின் அந்த முதல் மீனவப் படத்துக்குக் கேமரா பிடித்த அதே ஸ்வீடன்காரர். திறமை அப்போதே கிறிஸ்தியானியாவுக்கு வந்துவிட்டுத்தான் போயிருக்கிறது. தக்கவைத்துக்கொள்ள அங்கே தொழில் இல்லை.

நடிகர்களும் போனார்கள். ஆவுட் எகெடெ-நீஸன் என்ற நார்வேப் பெண் பெர்லினுக்குப் போய், 1917இல் தன் சகோதரிகளோடு சேர்ந்து சொந்தப் பெயரில் தயாரிப்பு நிறுவனமே தொடங்கினார். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'டாக்டர் மபுஸெ' படத்தில் நடனக்காரியாக வருபவர் இவர்தான். பலர் இவரை ஜெர்மன் நடிகை என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உள்ளூரில் பெரிய படம் எடுக்க நினைத்தபோதும் வெளியாள்தான் வந்தார். நார்வே எழுத்தாளர் நூட் ஹாம்சுனுக்கு 1920இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே அவருடைய 'மார்கன்ஸ் க்ரூடெ' நாவல் படமானது. இயக்கியவர் டென்மார்க்கின் குன்னார் சொம்மர்ஃபெல்ட். 'குளோம்டால்ஸ்ப்ரூடன்' படத்துக்கு ட்ரையர் வந்தார். 1929இல் 'லைலா' எடுத்த ஜார்ஜ் ஷ்னேவோய்க்ட்டும் டென்மார்க்கிலிருந்து வந்தவர்தான்.

'லைலா' பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பனிவெளியில் ஓநாய்கள் துரத்த, சறுக்குவண்டியிலிருந்து குழந்தை விழுந்துவிடும் காட்சி இன்றைக்கும் நெஞ்சை அடைக்கிறது. கலைமான் மந்தைகளை அப்படி எடுத்த படத்தை நான் வேறு பார்த்ததில்லை. அந்தக் குழந்தையை, வடக்கில் வாழும் பழங்குடிகளான சாமி மக்களில் ஒரு பணக்காரக் குடும்பம் எடுத்து வளர்க்கிறது. ஆனால் சாமி மக்களின் முக்கியப் பாத்திரங்களில் நடித்தவர்கள் சாமிகள் அல்லர். லைலாவாக நடித்த மோனா மார்டென்சன் ஸ்வீடன் நடிகை. அதைவிட உறுத்துவது கதையின் முடிச்சு. லைலா பிறப்பால் நார்வேக்காரி, அதனால்தான் கடைசியில் நார்வே வணிகனோடு அவள் சேர முடிகிறது. படம் வந்த காலத்தில் பள்ளிக்கூடங்களில் சாமிப் பிள்ளைகளின் மொழியை அழிக்கும் வேலை தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. அதைப் பற்றிய உண்மை ஆணையத்தின் அறிக்கை 2023இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 'லைலா'வைப் பாருங்கள், அழகுக்காகவே பாருங்கள். ஆனால் அது யார் பார்வையில் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிட்டுப் பார்க்காதீர்கள்.

அதே படத்தில் லைலாவின் வளர்ப்பு அண்ணனாகவும் நிச்சயிக்கப்பட்டவனாகவும் வருபவர் ஹென்ரி கிளெடிட்ச். பின்னாளில் ட்ரொன்ட்ஹைம் நகரத்தில் நாடக அரங்கை நடத்தினார். இரண்டாம் உலகப் போரில் நார்வேயைப் பிடித்துவைத்திருந்த நாஜிகள் 1942 அக்டோபரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 1920களில் கிராமத்துப் படங்கள் எடுத்துப் பேர் வாங்கிய லெய்ஃப் சிண்டிங், அதே போர்க்காலத்தில் நாஜி ஆட்சியின் திரைப்படத் துறைக்குத் தலைமை தாங்கினார். 'ட்ரோல்-எல்கன்' எடுத்த வால்டர் ஃபுர்ஸ்ட் 1943இல் நாஜிக் கட்சிக்காகப் பிரச்சாரப் படம் எடுத்தார். ஹாம்சுன் நாஜிகளை ஆதரித்த கதை எல்லோருக்கும் தெரியும். ஊமைப்படங்களில் ஒன்றாக வேலை பார்த்த சின்னக் கூட்டம் அது, ஒருவரை ஒருவர் தெரிந்திருக்கும். சிண்டிங்கின் படத்தைப் பார்க்கும்போது எனக்கு கிளெடிட்ச் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. பார்க்கக்கூடாது என்று சொல்லவில்லை. நினைவோடு பார்க்கிறேன்.

அப்புறம், மிஞ்சியவற்றைப் பற்றி. அந்தக் காலப் படங்கள் இருந்த நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பிடிக்கும், தானாகவே மக்கியும் போகும். ஆரம்பகாலப் படங்களில் நிறைய போய்விட்டன. மிஞ்சியவை வட நார்வேயில் மோ இ ரானா என்ற ஊரில், தேசிய நூலகத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. உள்ளூர்ப் படங்கள் மட்டுமல்ல. 1927இல் எடுத்த சீனப் படம் ஒன்று, சீனாவிலேயே தொலைந்துபோனது, அங்கேதான் கிடைத்தது. வால்ட் டிஸ்னி மிக்கி மவுஸுக்கு முன்பு உருவாக்கிய முயல் ஆஸ்வால்டின் தொலைந்த படம் ஒன்றும் அங்கே கிடைத்தது. சொந்தமாகப் பெரிய சினிமா இல்லாத நாடு, பிறர் தொலைத்ததையும் சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறது.

'மார்கன்ஸ் க்ரூடெ'யும் நெடுங்காலம் தொலைந்ததாகத்தான் இருந்தது. பிறகு மீட்டார்கள். காட்டைத் திருத்தி மண்ணைக் கொத்தும் ஈசாக்கை சொம்மர்ஃபெல்ட் படம்பிடித்ததும் அதே ரானா பகுதியில்தான். அந்தப் படத்தை அடுத்த வாரம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டப் போகிறேன். ஈசாக் முதல் மரத்தை வெட்டும்போது என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.