அப்பத்தாவுக்கு எல்லாம் தெரியுமாம்

அந்தப் பட்டிமன்ற வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும், பார்த்துவிட்டேன். ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, அப்பத்தா வைத்தியமே போதும் என்று பேச்சாளர் ஒருவர் முழங்குகிறார்: “நிறையத் தண்ணி குடிச்சா நீர்க்கடுப்பு வராதுன்னு கண்டுபிடிக்க வெள்ளைக்காரனுக்கு ஒரு வருஷம் ஆச்சாம், எங்க அப்பத்தாவுக்கு ஒரு நிமிஷம்!” அரங்கமே சிரிக்கிறது.

சரி, அவர் கிண்டலடித்த ஆய்வையே எடுத்துக்கொள்வோம். 2018ல் வந்தது, பல்கேரியாவில் நடந்தது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிற, தண்ணீர் குறைவாகக் குடிக்கிற 140 பெண்கள். பாதிப் பேர் எப்போதும்போல இருந்தார்கள். மீதிப் பேர் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் முதல் கூட்டத்துக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று, குடித்தவர்களுக்கு 1.7. அப்பத்தா சொன்னது சரிதான். யார் இல்லை என்றது?

அதே 2018ல் இன்னொரு ஆய்வும் வந்தது. அதைப் பற்றி மேடையில் யாரும் மூச்சு விடவில்லை. கனடாவில், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடையத் தொடங்கிய 631 பேர். ஒரு பகுதியினரைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஓராண்டு கவனித்தார்கள். சிறுநீரகம் கெடுகிற வேகம் அதனால் குறையவில்லை. அதே தண்ணீர்தான், அதே அப்பத்தாதான். ஓரிடத்தில் பலித்தது, இன்னோரிடத்தில் பலிக்கவில்லை. எது எங்கே பலிக்கும் என்று செய்து பார்க்காமல் எப்படித் தெரியும்? நான் கேட்பது இவ்வளவுதான்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? பெரியப்பா டயாலிசிஸில் இருந்தபோது, அன்றைக்கு அவர் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து சொன்ன தண்ணீரை மட்டும் பெரியம்மா காலையிலேயே பாட்டிலில் பிடித்து, மார்க்கரால் கோடு போட்டு வைப்பார். நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் துண்டு. பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீர்! அதில் பொட்டாசியம் அதிகம், வெளியேற்ற முடியாத உடம்பில் அது ஏறினால் இதயமே நின்றுவிடலாம் என்று எத்தனை முறை சொல்வது? கடைசியில் பெரியம்மா வாசலிலேயே வாங்கி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவார். ஒருநாள் பெரியம்மா கடைக்குப் போன நேரத்தில் உறவுக்காரர் ஒருவர், “தண்ணி குடிச்சாத்தானே கிட்னி கழுவும்” என்று சொம்பு சொம்பாக ஊற்றிக் கொடுத்துவிட்டார். ராத்திரி மூச்சுத் திணறல், ஆட்டோ, ஆஸ்பத்திரி. ஊற்றியவருக்கும் அப்பத்தா இருந்திருப்பார்.

“அந்தப் பல்கேரியா ஆய்வுக்குப் பணம் போட்டதே தண்ணீர் பாட்டில் விற்கிற டானோன் கம்பெனி” என்று ஒருவர் நிச்சயம் வருவார். ஆமாம், போட்டது. மறைக்கவில்லை, கட்டுரையிலேயே இருக்கிறது. கம்பெனிப் பணம் வேண்டாம் என்றால் அரசாங்கம் போடட்டும். அப்போது “வரிப்பணம் வீண்” என்று வருவதும் நீங்கள்தானே? தண்ணீர்ச் சங்கதி அந்த ஓர் ஆய்வோடு முடியவும் இல்லை. கல்லடைப்புக்கு இத்தாலியில் 199 பேரை ஐந்தாண்டு பின்தொடர்ந்த ஆய்வு 1996லேயே வந்துவிட்டது. நிறையக் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கும் மறுபடி கல் வந்தது. ஐந்தாண்டு! நம்மால் ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கடைசி வரி வரை படிக்க முடிவதில்லை.

“வாழைத்தண்டு?” சாப்பிடுங்கள், பொரியல் நன்றாக இருக்கும்.

அப்புறம், சிரித்த கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள். அதுதான் உறுத்துகிறது. அந்த 140 பேரைப்போலக் குறைவாகக் குடிக்கிற பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர், ஏன் குடிப்பதில்லை என்று யாராவது கேட்டோமா? கடையில் நிற்கிற பெண்கள் உட்கார ஒரு நாற்காலி போடு என்பதற்கே 2021ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. என் சித்தி மகள் துணிக்கடையில் வேலை செய்கிறாள். காலை டீயோடு சரி, சாயங்காலம்வரை தண்ணீரைத் தொடமாட்டாள். கழிப்பறை மூன்றாவது மாடியில். போனால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு எத்தனையோ தடவை படுத்திருக்கிறாள். அப்பத்தா வைத்தியம் அவளுக்கும் தெரியும். “கூட ஒன்றரை லிட்டர் குடிடி” என்றால், “குடிச்சுட்டு எங்கக்கா போறது?” என்கிறாள்.