தாடிக்கு ரசீது

முதல் வேலைக்குப் போன முதல் வாரம். "தம்பி, இந்தத் தாடியோட கஸ்டமர் முன்னாடி போக முடியாது, எடுத்துட்டு வாங்க"ன்னுட்டார் மேனேஜர். ஷேவிங் க்ரீம்கூட இல்ல, ஆபீஸ் பாத்ரூம்ல கை கழுவுற சோப்பை நுரைச்சு, யூஸ் அண்ட் த்ரோ ரேசர்ல வறட்டு வறட்டுன்னு இழுத்தேன். தாடையில ரெண்டு வெட்டு. டிஷ்யூ பேப்பரைக் கிள்ளி ஒட்டிக்கிட்டு அந்த மூஞ்சியோடதான் மீட்டிங்ல உக்காந்தேன், தாடியே தேவலாம்னு கஸ்டமர் நினைச்சிருப்பாங்க.

இப்ப எதுக்கு இந்தப் பழைய கதைன்னா, நேத்து ஒரு குரூப்ல ஒரே சண்டை. ஆம்பளைக்கு எதுக்குடா ஃபேஸ்வாஷ் சீரம் எல்லாம், அந்தக் காலத்து ஆம்பளைங்க இப்படியா இருந்தாங்கன்னு. எந்தக் காலம்னு கேட்டா பதில் இல்ல. பழைய எகிப்துல ஆம்பளைங்களும் கண்ணுக்கு மை போட்டாங்க, அங்க பூசாரிங்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பு பூரா மழிச்சுக்குவாங்கன்னு கிரேக்க வரலாற்றுக்காரர் ஹெரோடோட்டஸ் எழுதி வச்சிருக்கார், பாரோன்னு சொல்ற அந்த ஊர் ராஜாக்கள் சிலையில பாக்குற தாடி ஒட்டுத்தாடி. ஹட்ஷெப்சுட்னு ஒரு பொம்பளை பாரோ, அந்தம்மா சிலைக்கும் அதே ஒட்டுத்தாடிதான். ஆட்சி பண்ணணும்னா தாடி வேணும், சொந்தமா முளைச்சிருக்கணும்னு அவசியமில்ல!

எனக்குத் தோணுறது வேற. மூஞ்சியில முடி வேணுமா வேணாமான்னு அந்த மூஞ்சிக்காரன் முடிவு பண்ணினது வரலாற்றுல ரொம்பக் கம்மி. சண்டையில எதிரி தாடியைப் பிடிச்சு இழுத்துடுவான்னு அலெக்சாண்டர் தன்னோட வீரர்களை மழிக்கச் சொன்னதா பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்றார். ரஷ்ய ராஜா பீட்டர் இன்னும் ஒரு படி மேல, 1698ல ஐரோப்பாவைச் சுத்திட்டு வந்து, பாக்க வந்த பெரிய மனுஷங்க தாடியை தன் கையாலயே வெட்டினார். அப்புறம் தாடிக்கு வரி. பணக்கார வியாபாரின்னா வருஷத்துக்கு 100 ரூபிள், குடியானவன் ஊர்ல இருக்கிறவரை சும்மா, பட்டணத்துக்குள்ள நுழையுறப்பல்லாம் காசு கட்டணும். கட்டினவனுக்கு ரசீது மாதிரி ஒரு உலோக வில்லை குடுப்பாங்க, அதுல மூக்கு, மீசை, தாடி மட்டும் பொறிச்சு, மேல "பணம் வாங்கியாச்சு"ன்னு எழுத்து. கண்ணு கிடையாது, மூஞ்சி கிடையாது, வெறும் தாடி. அப்ப அங்க வேலை பார்த்த ஜான் பெர்ரிங்கிற இங்கிலீஷ் இன்ஜினியர் ஒரு வயசான தச்சரைப் பத்தி எழுதியிருக்கார். அந்தப் பெரியவர் எடுத்த தாடியை மடிக்குள்ளயே பத்திரமா வச்சிருந்தாராம், செத்தா சவப்பெட்டியில கூட வைக்கணும், மேல போய் கணக்கு சொல்லணும்னு. இதைப் படிச்சதுல இருந்து அந்த மனுஷன் மனசை விட்டு போகவே மாட்டேங்குறார்.

பிரிட்டிஷ் ராணுவத்துல தலைகீழ். மேல் உதட்டை மழிக்கவே கூடாதுன்னு ரூல், மீசை சரியா வராத சின்னப் பசங்க என்ன பாடு பட்டிருப்பாங்களோ. முதல் உலகப் போர் நடுவுல, 1916லதான் அந்த ரூலை எடுத்தாங்க, உத்தரவுல கையெழுத்து போட்ட ஜெனரல் மக்ரெடிக்கே மீசைன்னா ஆகாது, போட்ட கையோட போய் தன்னோடதை எடுத்துட்டாராம்.

அதே போர்லதான் விஷவாயு. மாஸ்க் தோலோட ஒட்டி உக்காரணும், தாடி இருந்தா இடுக்குல வாயு உள்ள போயிடும். இங்கதான் ரேசர் கம்பெனி நடத்தின கிங் கேம்ப் ஜில்லெட்டுக்கு யோகம் அடிச்சது. 1903ல அவர் கம்பெனி வித்தது மொத்தமே 51 ரேசர், 168 பிளேடு. 1918ல அமெரிக்க ராணுவத்துக்கு மட்டும் சுமார் 35 லட்சம் ரேசர். போர் முடிஞ்சு பசங்க வீட்டுக்கு வந்தாங்க, காலையில எழுந்ததும் கன்னத்தை மழிக்கிற பழக்கமும் கூடவே வந்துடுச்சு. நம்ம "அந்தக் காலத்து ஆம்பளை" மழமழன்னு இருந்ததுல பாதி இந்த மாஸ்க் புண்ணியம்.

அப்புறம் ஜில்லெட் கம்பெனி ரேசர்ல 1971ல ரெண்டு பிளேடு, 1998ல மூணு, நாலை எதிர்க் கம்பெனிக்காரன் முந்திக்கிட்டான், 2006ல இவங்க அஞ்சு. எத்தனை போட்டாலும் பிளேடு மழுங்கத்தான் செய்யும், நம்ம முடி ஸ்டீலைவிட சுமார் 50 மடங்கு மெத்து, ஆனாலும் அது வளையுற விதத்துல பிளேடு ஓரம் பொடிப்பொடியா தெறிக்குதுன்னு 2020ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல கண்டுபிடிச்சாங்க. வாங்கி பத்து நாள்ல ஏன் பிடுங்குதுன்னு அப்பதான் புரிஞ்சுது.

போன மாசம் அந்தப் பழைய மேனேஜரைப் பார்த்தேன். ரிட்டயர் ஆயிட்டார். நெஞ்சு வரைக்கும் வெள்ளைத் தாடி, எண்ணெய் போட்டு சீவி பளபளன்னு. என் மூஞ்சியை ஏற இறங்கப் பார்த்துட்டு, "என்ன தம்பி இப்படி மொழுக்குன்னு இருக்கீங்க, தாடி வச்சா உங்களுக்கு எடுப்பா இருக்குமே"ங்குறார்.

தாடையில அந்தப் பழைய வெட்டுத் தழும்பைத் தடவிக்கிட்டே, "பாக்குறேன் சார்"ன்னு வந்துட்டேன்.