அந்த 2 மார்க் விஷயம்

முந்தாநேத்து நான் போட்ட விடைத்தாள் படத்துக்கு வந்த கமெண்ட் எல்லாத்தையும் படிச்சிட்டுத்தான் எழுதுறேன். "2 மார்க்குக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?"ன்னு கேட்டவங்களுக்கும் சேர்த்து.

சிலப்பதிகாரக் கதையின் திருப்புமுனை எது? ஏழாவது படிக்கிற என் அண்ணன் மகள் எழுதினது: "மாதவி பாடிய பாட்டைத் தவறாக எடுத்துக்கொண்டு கோவலன் எழுந்து போன இடம்." சிவப்பு மையில பெருக்கல் குறி. பக்கத்துல, "கண்ணகி சிலம்பை உடைத்தல்."

அந்தப் பிள்ளை எங்க தப்பு பண்ணுச்சு? கோவலன் பாடுனதைக் கேட்டு, இவன் மனசுல வேற யாரோ இருக்கான்னு மாதவி நினைக்கிறா. அவளும் அதே மாதிரி ஒரு பாட்டுப் பாடுறா. அவன் போயிடுறான். தாழை மடல்ல பிச்சி மொட்டால எழுதி அனுப்புன ஓலையையும் வாங்க மாட்டேங்கிறான். வீட்டுக்கு வந்தவன்கிட்ட கண்ணகி, "சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்க"ங்கிறா. அப்புறந்தான் மதுரை, பொற்கொல்லன், கொலை எல்லாம். 30 பகுதியில இந்தப் பாட்டு வர்ற கானல்வரி 7-ஆவது. சிலம்பு உடையுற வழக்குரை காதை 20-ஆவது. சிலம்பு உடையுறப்போ கோவலன் உயிரோடவே இல்லீங்க! அங்க உண்மை வெளிய வருது. கதை அவங்க பாடுன பூம்புகார் கடற்கரையிலயே திரும்பிருச்சு.

நான் சொல்லல. ஊழ்வினை யாழிசையைச் சாக்கா வச்சு வந்து சேர்ந்துச்சுன்னு அந்தக் கடற்கரையிலதான் இளங்கோவடிகளே சொல்றார்.

"உடைச்சதும் திருப்பந்தானே?" ஆமா, பாண்டியனுக்கும் மதுரைக்கும் அதான் திருப்பம். அதை எழுதுன பிள்ளைக்கும் மார்க் போடுங்க. "40 பேப்பர் திருத்துற டீச்சருக்கு நேரம் ஏது?" எங்கம்மாவும் டீச்சர்தான். ராத்திரி பத்து மணிக்குத் திருத்துனாலும், புரியாத விடைக்குப் பக்கத்துல "ஏன்?"னு எழுதி அனுப்புவாங்க. அதுக்கு எவ்வளவு நேரம் ஆயிடும்?

எனக்கு இதைக் கத்துக்கொடுத்தது அப்பத்தா. முருங்கைக்கீரை உருவிக்கிட்டே கதை சொல்லும். திடீர்னு நிறுத்தி, "இப்ப மட்டும் இவன் அந்த ஓலைய வாங்கிப் படிச்சிருந்தா?"ன்னு கேக்கும். அந்த ஒரு இடத்தை உருவிப் பாரு, மிச்சக் கதை நிக்குதா? நிக்கலன்னா அதான் திருப்பம். சத்தம் அதிகமா கேக்குற இடம் இல்ல. இப்படித்தான் அண்ணன் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். இப்ப அவ கேக்குறா, "அத்தை, பரீட்சைக்கு ஒண்ணு, நிஜமா ஒண்ணுன்னு ரெண்டா படிச்சுக்கவா?" வயிறு எரியுது.

சத்தத்தைத்தான் நாம எல்லாருமே ஞாபகம் வச்சிருக்கோம். பாகப்பிரிவினை அன்னைக்கு அப்பாவும் சித்தப்பாவும் கத்துனது தெருவுக்கே தெரியும். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி சித்தப்பா வீட்டுல இருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை அப்பா பிரிக்காமலே பீரோ மேல போட்டதை யாரும் பேசுறதில்ல. அப்ப எனக்கு அந்தப் பிள்ளை வயசு. நான் பார்த்துக்கிட்டு நின்னேன்.

நாளைக்கு விடைத்தாளோட பள்ளிக்கூடம் போறேன். மார்க் தரலன்னாலும் பரவாயில்ல. அந்தப் பெருக்கல் குறியை அடிச்சிட்டு, "ஏன்?"னு ஒரு வார்த்தை எழுதித் தாங்கன்னு கேக்கப்போறேன்.